திருப்பிக் கொடுத்த மாத்திரைகள்

அத்தியாயம் பதினொன்று

ரசீதுகள் எல்லாம் வெளுத்துப்போயிருந்தன.

சின்னவள் கோப்பை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்தாள். ஒவ்வொரு பிளாஸ்டிக் உறைக்குள்ளும் ஒரு மருந்துக்கடை ரசீது. தேதி வரிசையில், மூலை மடங்காமல், அழகாக. எழுத்து மட்டும்தான் இல்லை. சாய்த்துப் பார்த்தால் சிலவற்றில் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் தெரிந்தது. மற்றவை வெறும் வெள்ளைத் துண்டுகள்.

அந்த உறைகளை அவள்தான் தன் சம்பளத்தில் வாங்கினாள், காகிதம் கசங்கக் கூடாது என்று. அந்த ரகக் காகிதத்தில் பிளாஸ்டிக் பட்டால் எழுத்து பறந்துவிடும் என்று மாலை வகுப்பில் யாரோ சொன்னது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. சொன்ன அன்றைக்கே நோட்டுப் புத்தகத்தில் குறித்தும் வைத்திருந்தாள். குறித்ததைத் திரும்ப எடுத்துப் படிக்கவில்லை. எல்லாவற்றையும் எழுதி வைப்பாள், எதையும் உரிய நேரத்தில் பார்க்க மாட்டாள். அவளைப் பற்றி அவளுக்கே இருந்த கருத்து அது.

இன்று கடைசி நாள். ஐந்து மணிக்கு வரி அலுவலகத்தில் கவுண்டரை மூடிவிடுவார்கள்.

இந்த வீட்டுப் படியை இன்றுதான் முதன்முதலாக ஏறுகிறவர்களுக்குக் கொஞ்சம் விவரம் சொல்லிவிடலாம். இங்கே மூன்று பிள்ளைகள். மூத்தவன் லிஃப்ட் மெக்கானிக். நடுவில் பிறந்தவள் சீருடை தைக்கும் கூடத்தில் துணி வெட்டுகிறவள். சின்னவள் பார்சல் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டு மாலையில் கணக்கு வகுப்புக்குப் போகிறவள். ஐந்து மாதத்துக்கு முன் ஒரு ஒன்பதாம் தேதி அம்மா போனாள். மூன்றே வாரத்தில் அப்பாவும் போனார், இதயம் நின்று. அப்பாவின் மாத்திரை டப்பாவைத் திறந்த அக்கா, அது காலியாக இருப்பதைப் பார்த்தாள். வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் அண்ணனைப் பார்த்து, "நீ ஒழுங்கா மாத்திரை வாங்கிக் குடுத்திருந்தா அப்பா இருந்திருப்பார்" என்றாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. போன வாரம் சின்னவளின் நச்சரிப்புக்காக அக்கா வீடுவரை போன அண்ணன், உள்ளே அவள் குரல் கேட்டதும் அழைப்பு மணியைத் தொடாமலே திரும்பி வந்துவிட்டான்.

இப்போது அவன்தான் வாசலில் வந்து நின்றான். வேலைக்குப் போகிற வழி. தோளில் கருவிப் பை.

"என்ன ஆடிட்டரே, மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட மாதிரி முழிக்கிற?"

"ரசீதெல்லாம் வெள்ளையாயிடுச்சு அண்ணா."

அவன் ஒரு உறையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினான். "பரவாயில்லை. என் பேங்க் கணக்கும் இப்படித்தான் இருக்கு."

"விளையாடாதே. மருந்துக்கடையில வருஷக் கணக்கு கேட்டா பிரிண்ட் எடுத்துக் குடுப்பாங்க. லீவு போட்டுட்டேன். இப்பவே போறேன்."

"ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்தாச்சு. இனிமே போய் அவங்க வைத்தியச் செலவை வரியில கழிக்கிறது… எனக்கு ஒரு மாதிரியா இருக்குடி."

"போனவங்களுக்கும் கழிக்கலாம். அவங்க இருந்தப்போ பிள்ளை தன் கைக்காசைப் போட்டுப் பார்த்திருந்தா போதும். நாங்க அந்தக் கழிவைக் கேக்கலைன்னு மத்த பிள்ளைங்க கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான்."

"மத்த பிள்ளைங்கன்னா?"

"நானும் அக்காவும்."

அண்ணன் பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினான். அம்மாவின் ஆபரேஷனுக்காகக் கம்பெனியில் வாங்கிய முன்பணத்தை மாதாமாதம் அவன் சம்பளத்தில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இந்த வரி திரும்பி வந்தால் அதில் பாதி அடைபடும். ஆனால் அவன் பேசியது அதைப் பற்றி இல்லை.

"அவ எதையும் படிக்காம கையெழுத்துப் போட மாட்டா, இல்ல?"

"ஒரு எழுத்து விட மாட்டா."

"அதுல நான் வாங்கின மாத்திரை மாசா மாசம் வரி வரியா இருக்கும். அதை அவ படிக்கட்டும். காசு வந்தா வரட்டும், வராட்டி போகட்டும். நான் வாங்கினேன்னு அவளுக்குத் தெரிஞ்சாப் போதும்."

போகிற போக்கில் படிவத்தில் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போனான். பேனாவில் கிரீஸ் ஒட்டிக்கொண்டது.

சின்னவள் பையை எடுக்கும்போது அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த தாள் கண்ணில் பட்டது. அம்மா படுக்கையில் விழுந்த வாரம் எழுதி ஒட்டியது. பெரியவன்: அப்பா மாத்திரை. நடுவில் உள்ளவள்: கடை கண்ணி, ஞாயிற்றுக்கிழமை சமையல். சின்னது: காகிதங்கள். கீழே கோடு போட்டு, ஒருத்தர் வேலையில் ஒருத்தர் மூக்கை நுழைக்கக் கூடாது. அண்ணனும் அக்காவும் உப்பு புளிக்கெல்லாம் சண்டை போடுகிறவர்கள் என்பதால் அம்மா கண்டுபிடித்த வழி அது. வழி நன்றாகவே வேலை செய்தது. அந்த ஏழு மாதமும் வீட்டில் ஒரு சச்சரவு இல்லை.

மருந்துக்கடைக்காரர் அப்பாவின் வாடிக்கையாளர் எண்ணைத் தட்டினார். பிரிண்டர் மூன்று தாள்களைத் துப்பியது.

"எல்லாம் வந்திருக்கான்னு பாத்துக்கம்மா. அப்புறம் வந்து அது இல்லை இது இல்லைன்னு நிக்கக் கூடாது."

அவள் நின்றபடியே ஸ்கேலை வைத்து வரி வரியாக இறக்கினாள். ஒன்றாம் தேதி, அப்பாவின் இதய மாத்திரை இரண்டு வகை, ஒரு மாதத்துக்கு. அண்ணன் வாங்கியது. அதற்கு இரண்டு வரி கீழே, மூன்றாம் தேதி, அதே மாத்திரை, அதே எண்ணிக்கை. தொகைக்கு முன்னால் ஒரு சிறு கோடு.

"சார், இது என்ன கோடு?"

"ரிட்டர்ன்மா. அட்டை பிரிக்காம ஒரு மாசத்துக்குள்ள கொண்டுவந்தா திருப்பி எடுத்துப்போம்."

ஸ்கேல் இறங்கியது. அடுத்த மாதமும் ஒரு கோடு. அதற்கடுத்த மாதமும்.

"யார் திருப்பினது?"

கடைக்காரர் மேசைக்கடியிலிருந்து நீளமான நோட்டு ஒன்றை எடுத்தார். தேதி, மருந்து, காரணம், கையெழுத்து. காரணக் கட்டத்தில் நான்கு இடத்தில் 'டாக்டர் மாத்திரை மாற்றிவிட்டார்' என்றிருந்தது. நான்குக்கும் நேரே அக்காவின் கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலைத் துணி வெட்டுகிற மாதிரி நேராக இழுத்துவிடுவாள். யார் வேண்டுமானாலும் அடையாளம் சொல்லலாம்.

"உங்கக்கா நல்ல மனுஷி," என்றார் கடைக்காரர். "திருப்பின காசோட கொஞ்சம் சில்லறை போட்டு அம்மாவுக்கு வலி ஊசி வாங்கிட்டுப் போவாங்க. சில மாசம் சில்லறை அவங்களுக்கே மிஞ்சும்."

அவள் தாளைப் பார்த்தாள். உண்மைதான். கோடு போட்ட ஒவ்வொரு வரிக்கும் கீழே, அதே தேதியில், அம்மாவின் ஊசி.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கோப்பின் பின் உறையிலிருந்து அப்பாவின் மருந்துச் சீட்டை எடுத்தாள். டாக்டர் கடைசியாகப் பார்த்து எழுதியது. மூன்றாவது தடவை திருப்பிய பிறகு வந்த தேதி. அதே இரண்டு மாத்திரை. டாக்டர் எதையும் மாற்றவே இல்லை.

மாத்திரை மாறியிருந்தால் புது மாத்திரைக்கு ரசீது வந்திருக்கும். ரசீது வாங்கி அடுக்குகிற வேலை யாருடையது? ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்பா நீட்டிய ரசீதுகளை எண்ணி, டிக் போட்டு, உறைக்குள் நுழைத்தது யார்? அவளுக்கு எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ளும் இடத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள் ஒருத்திதான்.

அண்ணனுக்கு ஃபோன் போட்டாள். அவன் எங்கேயோ லிஃப்ட் கூண்டின் உச்சியில் இருந்தான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"சீக்கிரம் சொல்லு, கயிறு கையில இருக்கு."

அவள் சொன்னாள். தேதி வாரியாகத்தான் சொல்லத் தெரியும், அப்படியே சொன்னாள்.

"ஊசி ஆஸ்பத்திரியில சும்மா குடுக்கறாங்கன்னு அப்பா சொன்னாரே," என்றான் கடைசியில்.

"உன்கிட்ட அப்படிச் சொல்லியிருக்கார்."

"ஏற்கனவே அட்வான்ஸ் வாங்கிட்டேன்னு… கேட்டா நான் எப்படியாவது புரட்டிடுவேன்னு…" குரல் நின்றது. கீழே யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "அக்காவுக்குத் தெரியுமா?"

"டாக்டர் மாத்திட்டார்னு நம்பித்தான் திருப்பியிருக்கா. இந்தத் தாளைக் காட்டினா உன் மேல தப்பு இல்லன்னு தெரிஞ்சுடும் அண்ணா."

"காட்டாதே."

"என்ன?"

"அவ கையாலயே கொண்டுபோய்க் குடுத்திருக்காடி. அது தெரிஞ்சா அவ தாங்குவாளா? இப்பவாவது என்னைத் திட்டிட்டு ரெண்டு வாய் சாப்பிடறா, தூங்கறா. அது போதும்."

"அப்ப படிவத்துல என்ன எழுதறது?"

"அந்த நாலு மாசமும் மாத்திரையை விட்டுடு. நான் வாங்கினதும் வேணாம், அவ திருப்பினதும் வேணாம். கணக்கு சரியா வருமா?"

வாங்கியதில் திருப்பியதைக் கழித்தால் பூஜ்யம். விட்டாலும் பூஜ்யம்.

"வரும். ஆனா அதைப் படிச்சா நீ வாங்கவே இல்லைன்னு ஆயிடும். காலையில நீதானே சொன்னே, அவ படிச்சாப் போதும்னு."

"காலையில எனக்கு எதுவும் தெரியாது."

வைத்துவிட்டான்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தே புதிதாக ஒரு பட்டியல் எழுதினாள். நான்கு மாதம், நான்கு வெற்றுக் கட்டம். கூட்டினாள், மறுபடி கூட்டினாள். தொகையில் ஒரு பிசகும் இல்லை. மருந்துக்கடைத் தாள்களை மடித்துப் பையின் உள் அறையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

தையல் கூடத்தில் காக்கித் துணி நாற்பது மடிப்பாக நீள மேசையில் விரித்திருந்தது. அக்கா இடது கையில் இரும்பு வலைக் கையுறை மாட்டி, வெட்டும் இயந்திரத்தை நீலச் சுண்ணக்கட்டிக் கோட்டின்மேல் நடத்திக்கொண்டிருந்தாள். தங்கையைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்தினாள்.

"மணி மூணாகப் போகுது. சாப்பிட்டியா?"

"ஆச்சு."

"பொய். உன் மூஞ்சியே சொல்லுது. குடு, எங்கே போடணும்?"

"கீழே, குறி போட்டிருக்கேன் பாரு."

அக்கா கையெழுத்து இடத்தைப் பார்க்கவே இல்லை. மேலேயிருந்து படிக்க ஆரம்பித்தாள். துணிப் பொதியின்மேல் உட்கார்ந்து, சுண்ணக்கட்டி பிடித்த விரலால் ஒவ்வொரு வரியையும் தொட்டுக்கொண்டே வந்தாள். தாளில் நீலப் பொடி ஒட்டியது. விரல் ஒரு இடத்தில் நின்றது.

"இது என்ன, நாலு மாசம் காலியா கிடக்கு?"

"அது… அப்படித்தான் அக்கா."

"என்ன அப்படித்தான்? வாங்கினானே."

சின்னவள் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"அவன் மேல எனக்கு ஆயிரம் கோபம் இருக்கும். அதுக்காக வாங்கினதை வாங்கலைன்னு எழுதுவாங்களா? நீதான் பெரிய கணக்குப் படிக்கிறவ! வாங்கினான். ஒண்ணாந்தேதி தவறாம வாங்கினான். ஆனா பழசையே வாங்கினான். டாக்டர் மாத்திட்டார்டான்னு அப்பா தலைபாடா அடிச்சுக்கிட்டும் காதுல போட்டுக்காம அதையே கொண்டுவந்து வெச்சான். அலைஞ்சு அலைஞ்சு திருப்பினது நான். புதுசை மட்டும் கடைசிவரைக்கும் வாங்கலை. அதைத்தான் அன்னிக்குச் சொன்னேன்."

"அண்ணன்கிட்ட சொன்னதா அப்பாவா சொன்னார்?"

"பின்னே? 'உங்கண்ணனுக்கு வேலை ஜாஸ்தி, மறந்துடறான், நீ ஒண்ணும் கேட்டு வைக்காதே'ன்னு எனக்கே சமாதானம் சொன்னார். நானும் அவன் வேலையில மூக்கை நுழைக்க வேணாம்னு இருந்துட்டேன். கேட்டிருக்கணும். நாலு அறை விட்டுக் கேட்டிருக்கணும்." அக்கா கையை நீட்டினாள். "அந்தச் சீட்டை எடு. டாக்டர் மாத்தி எழுதின சீட்டு. இதோட வெக்கணும்ல? வாங்கினதை எழுது, திருப்பினதையும் எழுது, புதுசு ஏன் வாங்கலைன்னு அவனே பதில் சொல்லட்டும். இப்படி அரைகுறையா எழுதினா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

வெளுத்துப்போச்சு என்று சொல்லிவிடலாம். காலையிலிருந்து அந்த வார்த்தை அவள் நாக்கிலேயே இருந்தது. சொன்னால் அக்கா நம்புவாள். ஆனால் நம்பிவிட்டுச் சும்மா இருக்கிறவள் இல்லை அக்கா. நாளைக்கே டாக்டர் வீட்டு வாசலில் போய் நிற்பாள். யாரோ ஒரு அந்நியர் வாயால் அதைக் கேட்டுக்கொண்டு, தனியாகப் பஸ் ஏறி வருவாள்.

சின்னவள் சீட்டை எடுத்துக் கொடுத்தாள்.

"இது பழசுடி."

"தேதியைப் பாரு அக்கா."

அக்கா பார்த்தாள். மறுபடி பார்த்தாள். சின்னவள் ஜிப்பைத் திறந்து மூன்று தாள்களையும் அவள் மடியில் வைத்தாள். பக்கத்து மேசையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. சுண்ணக்கட்டி விரல் கோடு போட்ட வரிகளில் ஒவ்வொன்றாக இறங்கியது, ஒவ்வொன்றுக்கும் கீழே இருந்த ஊசியின் மேலும்.

"டாக்டர் மாத்தலையா?"

"இல்லை."

"எப்பவுமே மாத்தலையா?"

"இல்லை அக்கா."

அக்கா கையுறையைக் கழற்றினாள். விரல் விரலாகக் கழற்ற வேண்டிய கையுறை அது. கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"'இதைக் குடுத்துட்டு அப்படியே அம்மா ஊசியை வாங்கிட்டு வந்துடும்மா. மீதிச் சில்லறையை நீயே வெச்சுக்கோ'ன்னார்," என்றாள். "பஸ்ஸுக்கு ஆச்சு அது."

சின்னவள் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தாள். அதுகூடத் தன்னைப் பற்றிய பேச்சாகிவிடுமே என்று விட்டுவிட்டாள்.

"இந்த நாலு மாசத்தை ஏன் விட்டே? தாளைக் கையில வெச்சுக்கிட்டுத்தானே எழுதினே?"

சின்னவள் பேனா மூடியைத் திருகினாள்.

"அவனுக்குத் தெரியுமா?"

"மத்தியானம் சொன்னேன்."

"தெரிஞ்சும் வாங்கலைன்னே எழுதச் சொன்னானா?"

சின்னவள் தலையாட்டினாள். அதுவரை அழாத அக்கா துணிப் பொதியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். யாரோ திரும்பிப் பார்த்தார்கள். மேஸ்திரி பக்கத்தில் வந்தார், பார்த்தார், ஒன்றும் கேட்காமல் அவளுடைய இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நீலப் பொடி கன்னத்தில் இழுத்துக்கொண்டது.

"எழுது. வாங்கினான்னு ஒரு வரி, திருப்பினேன்னு ஒரு வரி. எல்லாத்தையும் எழுது."

அவள் சொல்லச் சொல்லச் சின்னவள் எழுதினாள். கடைசித் தாளில் அக்காவின் விரல் மறுபடி நின்றது.

"நான் நாலு தடவைதானே போனேன். இதுல அஞ்சு இருக்கே."

அதைச் சின்னவள் கடையிலேயே பார்த்திருந்தாள். அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை, அந்த மாதத்தைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. "அஞ்சாவது கையெழுத்து அப்பாவோடது. அவரே நேர்ல போயிருக்கார். இருபத்தொண்ணாம் தேதி."

"அம்மா போனது ஒம்பதாம் தேதி. அப்புறம் என்ன ஊசி?"

"ஊசி இல்லை. ஒண்ணுமே வாங்கலை. காசாவே வாங்கிட்டுப் போயிருக்கார்."

"யாருக்கு?"

இரண்டு பேரும் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அக்கா கையெழுத்துப் போட்டாள், வாலை நேராக இழுத்து. செருப்பை மாட்டிக்கொண்டாள். "அரை நாள் லீவு சொல்லிட்டு வரேன், இரு. நானும் வரேன்."

வரி அலுவலகத்தில் டோக்கன் இருக்கைகள் காலியாகிக்கொண்டிருந்தன. வேலையிலிருந்து நேரே வந்துவிட்ட அண்ணன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான், அழுக்குக் கை பட்டுவிடாமல் டோக்கனை நுனியில் பிடித்தபடி. சின்னவளுக்குப் பின்னால் அக்கா வருவதைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான். அவன் பார்வை சின்னவள்மேல் போனது.

"சொல்லாதேன்னு சொன்னேன்ல?"

"அவளை ஏன் பாக்கறே? என்னைப் பாரு," என்றாள் அக்கா.

அவன் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தான்.

"நீ வாங்கினே அண்ணா. நான்தான் கொண்டுபோய்க் குடுத்தேன்."

"ஊசிக்கு நான் காசு குடுத்திருந்தா நீ ஏன் போகப்போற?"

"அன்னிக்கு அத்தனை பேர் முன்னால உன்னை…"

"விடு."

"எப்படி விடறது?"

"தெரியலை. முதல்ல உட்காரு. கன்னத்துல என்ன நீலமா?"

அவள் துடைத்தாள், இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டது. அவன் தன் கையால் துடைக்கப் போனான், கிரீஸைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். அவளாகவே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் அவர்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

கவுண்டரில் இருந்த அம்மாள் மூன்று பேரையும் ஒரு தடவை பார்த்தாள். அக்காவின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு மேசை விளிம்பில் விழுந்தது. "அவசரமில்லைம்மா, இன்னும் பத்து நிமிஷம் இருக்கு," என்றாள். "கையெழுத்து மட்டும் நனையாம பாத்துக்குங்க."

பட்டியலைக் கடைத் தாளோடு ஒப்பிட்டு அவள் பேனா நகர்ந்தது.

"திருப்பினதை எல்லாம் செலவுலேருந்து கழிச்சிருக்கீங்க. யாரு எழுதினது?"

"நான்தான் மேடம். தப்பா?" என்றாள் சின்னவள்.

"தப்பில்லை. ஆனா உங்களுக்கே நஷ்டம் பண்ணிக்கிட்டிருக்கீங்க. மாத்திரை அண்ணன் காசு. அதைத் திருப்பி அதே நாள்ல அம்மாவுக்கு ஊசி வாங்கியிருக்காங்க. அப்ப ஊசியும் அண்ணன் காசுதானே? அதுவும் செலவுதான்." நான்கு ஊசியையும் வட்டமிட்டு, பட்டியலின் ஓரத்தில் சேர்த்தாள். "இதெல்லாம் வரிக் கழிவுல வரும்."

அம்மாவுக்கு வலி எடுத்த நாலு மாதமும் அண்ணன்தான் ஊசி வாங்கியிருக்கிறான். அவனுக்கே தெரியாமல். அண்ணன் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டான்.

பேனா கடைசி வரிக்கு வந்தது. "இந்த இருபத்தொண்ணாம் தேதி? இதுக்குக் கீழே எதுவும் வாங்கலையே. இந்தக் காசு எங்கே போச்சு? செலவுன்னா சேத்துடலாம். இல்லன்னா கழிச்சாகணும்."

தெரியாது என்று சொல்லச் சின்னவள் வாயைத் திறந்தாள்.

அண்ணன் குனிந்து அந்தத் தேதியைப் பார்த்தான். இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறான். யார் திருப்பியது, எப்போது போனார் என்று எதையும் அவன் கேட்கவில்லை. அவன் உதடு மட்டும் ஒரு தடவை அந்தத் தேதியைச் சொல்லிப் பார்த்தது.

"கழிச்சுடுங்க மேடம்," என்றான். "அன்னிக்கு அப்பா அதை என் கையில குடுத்துட்டார்."

அக்கா அவன் கையை விடவில்லை. சின்னவள் இரண்டு பேரின் முகத்தையும் பார்க்கப் பயந்து, அந்த அம்மாள் வரியை அடித்து எழுதுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.